செங்குன்றத்துக்கு ரயில் ஓடியதா? – விவாத இழை

கேள்வி (ஜூன் 2): எங்கள் ஆபீஸில் ஒரு மும்பைக்காரர் இருக்கிறார். 1853இல் பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடியதுதான் இந்தியாவின் முதல் ரயில் என்று மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். அதற்கு 16 வருடம் முன்பே சென்னைக்கு வடக்கே இருக்கும் நம்ம செங்குன்றத்தில் ரயில் ஓடியது என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது, படத்தோடு. உண்மையா, இல்லை வழக்கமான கதையா? உண்மை என்றால் அந்தத் தண்டவாளம் எங்கே போனது? அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள், நாளைக்கு அவரிடம் பேச வேண்டும்.

ஜூன் 2, இரவு

உண்மைதான் தம்பி. 1837. செங்குன்றத்தையும் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தையும் இணைத்தது என்று பொதுவாக எழுதுகிறார்கள். போட்டவர் ஆர்தர் காட்டன். கல்லணையைச் சீர்செய்தவர், முக்கொம்பில் மேலணை கட்டியவர், பிறகு ஆந்திராவில் தவளேஸ்வரம் அணை கட்டியவர், அதே காட்டன். அப்போது அவர் கேப்டன்.

ஆனால் நாளைக்கே போய் மார்தட்டாதீர்கள். அது ஆள் ஏற்றிப்போக ஓடிய ரயில் இல்லை. சென்னை சாலைகளுக்குக் கல் ஏற்றி வர ஓடியது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு உங்களை மடக்கிவிடுவார்.

ஜூன் 3, காலை

அந்த ஃபார்வர்டு படத்தை இப்போதுதான் பார்த்தேன். கரும்புகை விடும் பெரிய எஞ்சின், பின்னால் ஏழெட்டுப் பெட்டி, பக்கத்தில் தலைப்பாகையோடு வரிசையாக ஆட்கள். புகைப்படம் எடுக்கும் முறையே உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839இல்தான். 1837இல் செங்குன்றத்தில் நின்று போட்டோ எடுத்தது யாரோ? அந்தப் படத்தை மட்டும் மும்பைக்காரரிடம் காட்டிவிடாதீர்கள். எஞ்சினைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ராத்திரி எழுதுகிறேன், இப்போது கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டார்கள், இந்தப் பக்கம் நிற்கும் பைக்குக்கெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 3, இரவு

சரி, எஞ்சின் கதை. நம் மனசில் ரயில் எஞ்சின் என்றால் சிலிண்டர், பிஸ்டன், சக்கரத்தோடு முன்னும் பின்னும் போகும் கம்பி. இங்கே ஓடியதாகச் சொல்லப்படுவது அந்த வகையே இல்லை. வில்லியம் அவரி என்ற அமெரிக்கர் 1831இல் காப்புரிமை வாங்கிய சுழல் நீராவி எஞ்சின். பிஸ்டனே கிடையாது. உள்ளே குழாய்போல் கூடான இரண்டு கைகள், அதன் நுனியில் பக்கவாட்டில் சின்ன ஓட்டை. கொதிகலனிலிருந்து வரும் நீராவி அந்த ஓட்டை வழியாகச் சீறி வெளியே போகும்போது கைகள் எதிர்ப்பக்கம் சுற்றும். தீபாவளிக்கு நாம் கொளுத்தும் சங்குச்சக்கரம் சுற்றுவதும் இப்படித்தான். அதில் மருந்து, இதில் ஆவி, அவ்வளவுதான் வித்தியாசம். ஹீரோ என்ற கிரேக்க அறிஞர் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் விளையாட்டாகச் செய்து காட்டிய தத்துவம் இது. அவரி அதை மரம் அறுக்கும் பட்டறைகளுக்கு விற்றார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கை பயங்கர வேகத்தில் சுற்றினால்தான் சக்தி கிடைக்கும், மெதுவாகச் சுற்றினால் ஆவி வீண். ஆனால் கல் வண்டி மெதுவாகத்தான் நகர வேண்டும். வேகத்தைக் குறைக்க நடுவில் பல்சக்கரமோ பட்டையோ வைத்தே ஆகவேண்டும், அதில் பாதி சக்தி போய்விடும், விறகும் தண்ணீரும் எக்கச்சக்கமாகக் குடிக்கும். அதனால் எஞ்சின் ஓடியது என்பதைவிட முயன்று பார்த்தார்கள் என்பதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அன்றாட வேலையைச் செய்தது மாடு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தண்டவாளங்களில் அப்போதும் குதிரைதான் இழுத்துக்கொண்டிருந்தது. லிவர்பூல்–மான்செஸ்டர் ரயிலே 1830இல்தான் வந்தது. ஏழே வருடத்தில் இங்கே முயன்று பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஜூன் 4

"மாடு இழுத்தால் அது ரயிலா, கட்டை வண்டியா" என்று வியாசர்பாடி நண்பர் கேட்டிருக்கிறார். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் உருண்டால் ரயில்தான், எது இழுக்கிறது என்பது ரெண்டாம்பட்சம். மண் ரோட்டில், அதுவும் மழைக்காலத்தில், கல் ஏற்றிய வண்டியை ஒரு ஜோடி மாடு இழுக்கும் பாட்டை யோசித்துப் பாருங்கள், அச்சு வரை சேறு ஏறிவிடும். அதே மாட்டைத் தண்டவாள வண்டியில் பூட்டினால் பல மடங்கு பாரத்தை இழுக்கும். காட்டனுக்குத் தேவைப்பட்டது அந்தக் கணக்குதான். ரோடு போடக் கல் வேண்டும், கல் கொண்டுவர நல்ல ரோடு வேண்டும், அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் தண்டவாளம்.

ஜூன் 4, மறுபடி

ராயபுரம்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், "ராயபுரம்தான் முதல், எங்கள் தாத்தா சொல்வார்" என்று. அண்ணே, கொஞ்சம் பொறுமை. வரிசை இதுதான். 1853 ஏப்ரல் 16, பம்பாய்–தானே. 1854 ஆகஸ்ட் 15, ஹௌரா–ஹூக்ளி. 1856 ஜூலை 1, ராயபுரம்–வாலாஜா ரோடு, சுமார் 100 கி.மீ. மூன்றாவதாக வந்தாலும் முதல் வண்டியே நூறு கிலோமீட்டர் போனது நம்முடையதுதான், பம்பாய்க்காரர்கள் 34 கி.மீ. போய்விட்டு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தென்னிந்தியாவில் ராயபுரம் முதல், அதில் சந்தேகமே இல்லை. பம்பாயின் போரி பந்தர் ஸ்டேஷனும் தானே ஸ்டேஷனின் பழைய கட்டடமும் இப்போது இல்லை, ராயபுரம் நிற்கிறது. அதனால் நாட்டில் இன்னும் நிற்கும் மிகப் பழைய ஸ்டேஷன் என்று தைரியமாகச் சொல்லலாம். உங்கள் தாத்தா அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆக மூன்று "முதல்" இருக்கிறது. தண்டவாளம் போட்ட முதல் இடம் செங்குன்றம், டிக்கெட் வாங்கி ஆள் ஏறிய முதல் இடம் பம்பாய், இன்னும் நிற்கும் முதல் ஸ்டேஷன் ராயபுரம். எதை வைத்துச் சண்டை போடுகிறோம் என்று முதலில் முடிவு பண்ணிக்கொண்டால் பாதி கமெண்ட் குறையும்.

ஜூன் 7

ரெண்டு நாள் எழுத முடியவில்லை. அதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கிறது, பெரம்பூர் லோகோ ஒர்க்ஷாப்பில் கிழக்கிந்திய ரயில்வேயின் பழைய ஈ.ஐ.ஆர். 21 எஞ்சினை உயிர்ப்பித்த கதை வரைக்கும். நல்ல கதைதான், 1855இல் செய்த எஞ்சினை மறுபடி ஓட வைத்தது சாதாரண வேலை இல்லை. ஆனால் அதற்குத் தனி இழை போடுங்கள்.

எனக்கு இந்தச் சமாச்சாரத்தில் ரொம்பப் பிடித்த இடம் வேறு. இந்தியாவில் முதலில் தண்டவாளம் போட்ட அதே காட்டன்தான் பிற்காலத்தில் ரயிலுக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் பேசினார்! கால்வாய் வெட்டு, படகு விடு, அதே தண்ணீரில் விவசாயமும் நடக்கும், ரயிலைவிடச் செலவு ரொம்பக் குறைவு, இது அவர் வாதம். ரயிலுக்குக் கொட்டும் பணத்தைப் பாசனத்துக்குக் கொடு என்று லண்டனில் போய் மல்லுக்கட்டினார். யாரும் கேட்கவில்லை. கோதாவரிப் பக்கம் மட்டும் இன்றைக்கும் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை இருக்கிறது, மாலை போடுகிறார்கள்.

தவளேஸ்வரம் அணைக்குக் கல் கொண்டுவரவும் அவர் தண்டவாளம்தான் போட்டார். அதனால் "ரயிலை வெறுத்தவர்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். அவருக்குத் தண்டவாளம் ஒரு கடப்பாரை, மண்வெட்டி வரிசையில் வரும் சாமான். வேலை நடக்கும்வரை வேண்டும், முடிந்தால் எடுத்து வைத்துவிடலாம். செங்குன்றம் தண்டவாளம் ஏன் நிலைக்கவில்லை என்று நீங்கள் கேட்டதற்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. நிலைக்க வேண்டும் என்று போட்டதே இல்லை.

மீதிப் பாதி என் ஊகம்தான். அந்தக் காலத்தில் நல்ல இரும்பு கப்பலில் வரும் பொருள். சென்னையில் துறைமுகம்கூடக் கிடையாது, கப்பல் கடலுக்குள் தள்ளி நிற்கும், மசூலாப் படகில் இறக்கி அலைக்கு நடுவே கரைக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வந்த இரும்பைச் செங்குன்றம் மண்ணில் யார் விட்டுவைத்திருப்பார்கள்? பிடுங்கி வேறு வேலைக்குக் கொண்டு போயிருப்பார்கள். நீங்கள் செங்குன்றம் வழியாகப் போகும் ஜி.என்.டி. ரோட்டில் நின்று தேடினால் லாரி டயர்தான் கிடைக்கும்.

ஜூன் 8

"புழல் ஏரிக்கரையில் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் ரயிலில் பிக்னிக் போனார்களாமே" என்று ஒருவர். இதை யார் கிளப்பிவிட்டது? கல் வண்டியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தா போனார்கள்?

ஜூன் 8, இரவு

பிக்னிக் கேள்வியைக் கிண்டலடித்துவிட்டு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அதற்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. 1837இல் செங்குன்றத்தை ஒட்டிய அந்தப் புழல் ஏரி இன்றைய ஏரியே இல்லை. அப்போது அது சுற்றுவட்டார ஊர்களுக்குப் பாசன ஏரி. சென்னைக்குக் குடிதண்ணீர் தருவதாக அது மாறியது 1872இல். அதற்கு முன் கோட்டைக்கு ஏழு கிணற்றுத் தண்ணீர், மற்றவர்களுக்கு அவரவர் வீட்டுக் கிணறு, தெருக் குளம். ஃப்ரேசர் என்ற எஞ்சினீயரின் திட்டப்படி, தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றைத் திருப்பி, சோழவரம் வழியாகப் புழலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை விட்டார்கள். பம்பு கிடையாது, சரிவில் தானாக ஓடியது. திறந்த கால்வாய் என்றால் வழியில் மாடு குளிக்கும், துணி துவைப்பார்கள், அந்தத் தண்ணீரைத்தான் நகரம் குடித்தது. மணல் வடிகட்டியோடு கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது 1914இல்.

அதாவது முதலில் அந்தத் திசையிலிருந்து கல் வந்தது, 35 வருடம் கழித்து அதே திசையிலிருந்து தண்ணீர் வந்தது. ரெண்டும் வடக்கிலிருந்து தெற்கே. திரும்பி அந்தப் பக்கம் போனது என்ன? என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது செங்குன்றத்தில். பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் நசுங்கிப் போன பெண் வீட்டுக்காரன் நான். அதனால் இது எனக்கு வெறும் வரலாறு இல்லை. மூலக்கடை சிக்னல், மாதவரம் ரவுண்டானா, அப்புறம் புழல் ஜெயில் வாசல், ஆந்திரா போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நம் பஸ். கரும்பு நுனி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கண்டக்டர் திட்டுவார். இதற்குப் பதில் ஒரு லோக்கல் ரயில் இருந்திருந்தால் என்று நினைக்காத ஆள் அந்த ரூட்டில் கிடையாது.

ஜூன் 9

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அம்பத்தூர் நண்பர் கேட்கிறார், "எங்களுக்கு, ஆவடிக்கு, கும்மிடிப்பூண்டிக்கு எல்லாம் ரயில் இருக்கிறதே, வடசென்னைக்கு ரயிலே இல்லாத மாதிரி எழுதுகிறீர்களே" என்று. நியாயம். தண்டவாளத்துக்கு இங்கே பஞ்சம் இல்லை, வீட்டுக்கு வெளியே வந்தால் காலில் தட்டும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர், எல்லாம் தண்டவாளத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். கேரேஜ் ஒர்க்ஷாப், லோகோ ஒர்க்ஷாப், ஐ.சி.எஃப். மூன்றும் பெரம்பூர்ப் பக்கம்தான், ஐ.சி.எஃப். 1955இல் வந்தது, நாட்டுக்கே பெட்டி செய்து அனுப்பும் இடம்.

நான் சொல்வது ஒரு துண்டைப் பற்றி மட்டும். மேற்கே போகும் லைன் அரக்கோணத்துக்கு, வடக்கே போகும் லைன் கூடூருக்கு, நடுவில் ஆப்பு மாதிரி ஒரு இடம் விட்டுப்போனது. மாதவரம், புழல், செங்குன்றம், சோழவரம் எல்லாம் அந்த இடைவெளிக்குள் விழுந்தவை. ரெண்டு லைனும் வெளியூர் போகப் போட்டவை, நம்மை ஏற்றிக்கொள்வது அவர்கள் செய்த உபகாரம். மெட்ரோவின் ரெண்டாம் கட்டமும் மாதவரம் பால்பண்ணையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து செங்குன்றத்துக்கு மறுபடி பஸ், ஷேர் ஆட்டோ.

அந்தப் பழைய தண்டவாளத்தின் இன்னொரு முனையைப் பாருங்கள். சிந்தாதிரிப்பேட்டை 1734இல் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை. அங்கே 1995இல் பறக்கும் ரயில் வந்து ஸ்டேஷனும் திறந்துவிட்டார்கள். கல் போய் இறங்கிய பக்கத்துக்கு மறுபடி ரயில் வந்துவிட்டது, கல்லைக் கொடுத்த பக்கம் இன்னும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது.

ஜூன் 9, பத்து நிமிஷம் கழித்து

அரசியல் வேண்டாம் என்று மேலே ஒருவர். கட்சிப் பெயர் ஒன்றாவது எழுதினேனா?

ஜூன் 12

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன். 2019 கோடையில் புழல் வறண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அக்கா வீட்டிலிருந்து பார்த்தால் ஏரி நடுவில் மாடு மேய்ந்தது, பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட். நம் தெருவில் குடம் வரிசை ராத்திரி ரெண்டு மணிக்குத் தொடங்கும், லாரி வந்தால் சண்டை. பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் எல்லாம் அதே கதிதான். அப்போது ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். அங்கிருந்து குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம். 1872இல் புழல் தண்ணீர் போய்ச் சேர்ந்த அதே கீழ்ப்பாக்கம்.

ஏரிக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று இந்த இழையில் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஏரி தர முடியாததை ரயில் கொண்டுவந்தது. தண்ணீரைக் காவிரியிலிருந்து எடுத்து, நகரத்துக்குள் இறக்கி, டி.வி. கேமரா முன்னால் வாழைமரம் கட்டி வரவேற்றார்கள். நகரம் குடிக்கும் அளவுக்கு அந்த 25 லட்சம் லிட்டர் எந்த மூலைக்கு? ஆனாலும் அன்றைக்கு அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது உண்மை. இப்போது யோசித்தால் அழுகை வந்ததுகூடக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. நம் ஏரியின் வண்டல் எடுத்திருந்தால், வரத்துக் கால்வாய்களில் கட்டடம் எழாமல் பார்த்திருந்தால், ரயிலுக்கு ஏன் மாலை போட்டிருக்கப் போகிறோம். காட்டன் இருந்திருந்தால் "நான் அப்போதே சொன்னேன்" என்று ஆரம்பித்திருப்பார். அவரை யாரும் நிறுத்தியிருக்க முடியாது.

ஜூன் 13

"புழல் கொள்ளளவு எவ்வளவு" என்று கேட்டவருக்கு: 3,300 மில்லியன் கன அடி. சோழவரம் 1,081. பேப்பரில் தினமும் போடுகிறார்கள், மழைக்காலத்தில் வடசென்னையில் கிரிக்கெட் ஸ்கோருக்கு முன்னால் இதைத்தான் பார்ப்போம்.

ஜூன் 15

முதலில் கேள்வி கேட்ட தம்பி ஒருவழியாக வந்து எழுதியிருக்கிறார். மும்பைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லையாம். "ஆள் ஏறாத ரயில் ரயிலா" என்று கேட்டாராம். நான்தான் முதல் நாளே சொன்னேனே. கூட்ஸ் வண்டியை ரயில் இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள், ரயில்வேயின் வருமானத்தில் பெரும்பங்கு சரக்கில்தான் வருகிறது என்று பதில் கொடுங்கள். அதற்கும் அவர் மசியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஆபீஸ் வேலை முக்கியம்.

ஜூன் 16

ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போய்ப் பார்க்கலாமா என்று நாலைந்து பேர் கேட்கிறீர்கள். செங்குன்றத்தில் அந்தத் தண்டவாளத்தின் அடையாளமாகக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு, பீச் ஸ்டேஷன் போய் பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை இறங்கி, கூவம் ஓரம் கொஞ்சம் நடந்துவிட்டு (மூக்கைப் பிடித்துக்கொண்டுதான்), சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போகலாம். அக்கா வீட்டில் டீ கிடைக்கும், பத்துப் பேருக்கு மேல் வந்தால் கிடைக்காது. ஏரிக்கரைக்கு 114 பஸ். கோயம்பேட்டிலேயே ஏறிவிடுங்கள், மாதவரத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது.